வசைச்சொல்லும் இரங்கற்பாட்டும்

ஒருவன் பிறனை இழித்துரைக்கும் சொல் வசை எனப்படும். அச்சொல்லையே ஒருவன் தன்மேல் ஏற்றுக்கொண்டு பாடுவானாயின் அதனை எவ்வாறு பொருள் கொள்வது? சமயக் குரவர் தம்மை நாயேன் என்றும் கடையேன் என்றும் கூறிக்கொண்டமை யாவரும் அறிந்ததே. ஆங்குக் கேட்போன் இறைவன். ஆதலின் அச்சொல் வசைத்தன்மை நீங்கி அன்பின் ஆழங்காட்டும் சொல்லாகின்றது. இறைவனை முன்னிலைப்படுத்தாத இக்காலப் பாட்டொன்றில் பாடுவோன் தன்னை இழிசொல்லாற் சுட்டுவானாயின், அச்சொல் யார் முன்னிலையிற் சொல்லப்படுகின்றது, அதனால் விளைவது யாது என்னும் வினாக்கள் எழுகின்றன. 2017-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் வெளிவந்த 'சென்னை பொறம்போக்குப் பாடல்' இவ்வினாக்களுக்கு விடைகாண ஏற்றதொரு பாட்டாகும்.

இப்பாட்டின் பிறப்பை முதற்கண் சுருங்கக் கூறுதல் வேண்டும். சொற்களை இயற்றியவர் கேபர் வாசுகி. இவர் திரைப்படத்தைச் சாராது, கிதார் துணையுடன் தம் பாட்டைத் தாமே எழுதிப் பாடும் தனியிசைக் கலைஞருள் ஒருவர். மெட்டமைத்தவர் வயலின் அறிஞர் ஆர். கே. ஸ்ரீராம்குமார். பாடியவர், 2015-இல் மார்கழி இசைவிழா மேடைகளினின்றும் விலகி, 2016-இல் மகசேசே விருது பெற்ற டி. எம். கிருஷ்ணா. படமாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவை ஊரறியச் செய்தல் வேண்டும் என்று நெடுநாள் முயன்றுவந்த நித்தியானந்த் ஜெயராமனும் அவர்தம் தோழரும் இதன் பின்னணியில் நின்றோர் ஆவர். தெருவிற் பயிலும் சென்னைப் பேச்சுமொழி, சபையிற் பயிலும் இராகமாலிகையில் ஏறியது என்பதே அன்று பலரும் வியந்துரைத்த செய்தி. எமக்கு அவ்வியப்பினும் அப்பாட்டின் தலைப்புச்சொல்லே பெரிதாகத் தோன்றுகின்றது.

பாட்டுப் பாடும் நிலத்தை நோக்குவோம். சென்னைத் துறைமுகத்தினின்றும் வடக்கே கடலோரமாகச் செல்வார்க்கு இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என ஊர்கள் தொடர்ந்து வரும். எண்ணூரில் கொசத்தலை ஆறு கடலொடு கூடுகின்றது. திருவொற்றியூர் மூவர் பாடல் பெற்ற தலம். பட்டினத்தடிகள் அடங்கிய இடம் அதன் கடற்கரையிலேயே உளது. அவ்வூர்ப் பெயரே நிலவுடைமை பற்றிய சொல்லாய் அமைந்திருத்தல் கருதத்தக்கது. ஒற்றி என்பது அடகு. ஒற்றியூர் என்பதனை அடகு வைக்கப்பட்ட ஊர் எனக் கொண்டு இறைவனொடு நகையாடும் மரபு சைவப் பாடல்களில் உண்டு. (தலபுராணம் பெயர்க்காரணத்தை வேறாகக் கூறும், அஃது ஈண்டு வேண்டா.) இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இவ்வொற்றி நிலத்தில் ஆலைகள் எழுந்தன. 1955-இல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை திருவொற்றியூரில் தொடங்கியது. தீப்பெட்டி ஆலையொன்றன் பெயரே விம்கோ நகர் எனப் பகுதிப் பெயராயிற்று. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையமும், 1990-களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், பின்னர் வல்லூர் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. நிலக்கரிச் சாம்பலைக் கொண்டு செல்லும் குழாய்கள் கழியின்மீது செல்கின்றன. அவை கசிந்தும் உடைந்தும் சாம்பல் கழியிற் படிந்தது, ஆழம் குறைந்தது, இறாலும் மீனும் அருகின. நகருக்கு மின்னொளி தந்த நிலம் தான் நீரிழந்த நிலமாயிற்று.

இனிச் சொல்லாராய்ச்சி. புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல். வரி விதிக்கப்பட்ட விளைநிலக் கணக்கிற்குப் புறத்தே போக்கப்பட்டது என்பது அதன் பொருள். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு என அதன் வகைகள் பல. நீர் தேங்க ஓரிடம், ஆடுமாடு மேய ஓரிடம், பிணம் எரிக்க ஓரிடம் என ஊர் வாழ்க்கைக்கு இன்றியமையாத இடங்களே இப்பட்டியலில் உள. சொல் பிற்காலத்ததாயினும் கருத்துப் பழையது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், ஊரின் மொத்த அளவினின்றும் ஊர்நத்தம், குளம், ஓடிய வாய்க்கால், சுடுகாடு, சேரிகள் முதலியவற்றைக் கழித்துவிட்டு எஞ்சிய நிலத்திற்கே இறை கணக்கிடுகின்றன. கழிக்கப்பட்டது இழிந்தது என்னும் குறிப்பு அங்கு இல்லை. பொதுவாயிருத்தலின் இறை கொள்ளத்தகாதது என்பதே குறிப்பு.

பொதுநிலம் என்பது உடையாரில்லா நிலம் அன்று என்பதும் அறியத்தக்கது. எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரியில் மீனவர் 'பாடு' என்னும் முறையால் மீன்பிடி இடங்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிடுதல் என்பது அம்முறையின் கட்டுப்பாடு. பாடு என்னும் சொல் முறையையும் உழைப்பையும் துன்பத்தையும் பாடுதலையும் ஒருங்கே குறிக்கும் தமிழின் பொருள்வளம் எம்மை ஈண்டுச் சிறிது நிறுத்துகின்றது. கணக்கில் புறம்போக்காயது வாழ்க்கையில் உள்போக்காய் இருந்தமைக்கு இச்சொல் ஒன்றே சான்றாகும்.

அத்தகைய சொல் வசையானது எங்ஙனம்? வரி தாராத நிலம் பயனற்ற நிலம் என்னும் எண்ணம் அரசுக் கணக்கினின்றும் மக்கள் மனத்திற்கு இறங்கியது. பயனற்ற நிலத்தின் பெயர் பின்னர்ப் பயனற்ற மனிதனுக்கு ஆயிற்று. நிலத்திற்கும் மனிதனுக்கும் இடையே ஒரு படி உண்டு: புறம்போக்கிற் குடியிருப்போன். பட்டா இல்லாதவன், என்றும் அகற்றப்படத் தக்கவன், ஊர்க்கணக்கில் இடமில்லாதவன். அவனைச் சுட்டிய சொல்லே காலப்போக்கில் எவனையும் இழிக்கும் சொல்லாயிற்று என்பது எம் கருத்து. ஒலிமாற்றத்தையும் நோக்குக. புகை பொகையாகவும் குடம் கொடமாகவும் பேச்சில் திரிவது போலப் புறம்போக்கு பொறம்போக்காகத் திரிந்தது. ஆங்கிலேயர் காலத்து வருவாய் ஏடுகள் இச்சொல்லை ஒகரம் இட்டே ஆங்கில எழுத்தில் எழுதின. ஆகவே பேச்சுத் திரிபு அரசாங்க ஏட்டிலும் ஏறிவிட்டது. கிருஷ்ணா அவ்வொகரத்தை விடாது பாடுகின்றார். சபை நாகரிகம் கருதி உகரமாகத் திருத்தியிருப்பின் பாட்டுக் கெட்டிருக்கும். ஏனெனில் உகரம் ஏட்டுச் சொல், ஒகரமே காயம்பட்ட சொல்.

இதே தலைப்புச்சொல் பாட்டிற்கு முன்னரே கலைத்துறையில் ஏறியதுண்டு. 2015-இல் எஸ். பி. ஜனநாதன் இயக்கிய 'புறம்போக்கு என்கிற பொதுவுடைமை' என்னும் திரைப்படத் தலைப்பு அச்சொல்லின் இரு பொருளையும் ஒருங்கு வைத்தது. ஆயினும் தலைப்பளவில் நிற்பது வேறு. பாடுவோன் வாயில் தன்னைச் சுட்டும் சொல்லாக நிற்பது வேறு.

இவ்விடத்தில் ஓர் ஒப்புமை வேண்டப்படுகின்றது. கேபர் வாசுகி போன்ற தனியிசைக் கலைஞர் உலவும் உலகம் மேலை நாட்டு ராக் இசையை அறிந்த உலகம். அவ்விசையில் 1980-களிலும் 1990-களிலும் 'ஆல்டர்நேட்டிவ் ராக்', அதாவது மாற்று ராக், என்னும் ஒரு கிளை வளர்ந்தது. வெற்றிக்களிப்பும் காதற்களிப்பும் மிகுந்த சந்தைப் பாட்டிற்கு மாறாகச் சோர்வையும் தன்னிகழ்ச்சியையும் அது பாடுபொருளாக்கியது. அக்கிளையில் மிகப் புகழ்பெற்றது ரேடியோஹெட் என்னும் ஆங்கிலேயக் குழுவினர் 1992-இல் வெளியிட்ட 'கிரீப்' என்னும் பாட்டு. கிரீப் என்பதும் ஒரு வசைச்சொல்லே. அருவருக்கத்தக்கவன், நெருங்கினால் விலகத்தோன்றுபவன் என்பது அதன் கருத்து. தாமஸ் யார்க் என்பார் எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த காலத்து எழுதியது அது. எட்டாத பெண்ணொருத்தியின் முன் நின்று, தான் இவ்விடத்திற்கு உரியவன் அல்லன் என்று தன்மேல் அவ்வசையை ஏற்றிக்கொள்ளும் இளைஞன் ஒருவனின் கூற்றாக அமைந்தது.

அதன் வெற்றி வரலாறு எம் ஆராய்ச்சிக்குப் பயன்படும். வெளிவந்தபோது பிரித்தானிய வானொலி அதனை மிகையான சோர்வுடையது என்று தள்ளியது, விற்பனையும் இல்லை. பின்னர் இசுரேலில் ஒரு வானொலியாளர் அதனை விரும்பி ஒலிபரப்ப, ஆங்குப் புகழ்பெற்று, அமெரிக்காவில் பரவி, 1993-இல் மீள வெளியிடப்பட்டபோது பிரித்தானியப் பட்டியலில் ஏழாம் இடம் பெற்றது. எதனைக் குறையென்று கூறித் தள்ளினரோ அதுவே வெற்றிக்குக் காரணமாயிற்று. இசையமைப்பும் அச்சோர்விற்கு இயைந்தது. நான்கு சுரக்கூட்டுகளே பாட்டு முழுதும் சுழல்கின்றன. மூன்றாம் கூட்டில் அந்தர காந்தாரமாய் நின்றது நான்காம் கூட்டில் சாதாரண காந்தாரமாய் ஒரு படி இறங்குகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் நம்பிக்கை ஒருமுறை எழுந்து ஒருமுறை விழுகின்றது. வசைச்சொல் வருமுன் கிதார் கரகரத்து வெடிக்கும் ஒலி, சொல்லுமுன் தொண்டை அடைப்பது போன்றது.

இரு பாட்டிற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை: இரண்டும் வசையைத் தன்மேல் ஏற்றன. வேற்றுமையே ஆழ்ந்தது. கிரீப் தன்மை ஒருமையிற் பாடப்படுவது. அவ்வசை பாடுவோனை உலகினின்றும் பிரிக்கின்றது. கேட்போர் இலட்சக்கணக்கினர் ஆயினும் ஒவ்வொருவரும் தனித்தனியே தம்மை அவ்விளைஞனாகக் கருதிக்கொள்கின்றனர். எண்ணூர்ப் பாட்டோ புறம்போக்கு எனக்குமன்று உனக்குமன்று, ஊருக்கும் நிலத்திற்கும் உரியது என்று தொடங்கி, முடிவில் பாடுவோனும் கேட்போனும் அச்சொல்லுக்குரியோராகும் நிலைக்கு வந்து சேர்கின்றது. தொடக்கத்தில் நிலத்தின் பெயர். முடிவில் நம் பெயர். வசை ஈண்டுப் பிரிப்பதன்று, சேர்ப்பது. ஒருவனை ஊரினின்றும் புறத்தே போக்கும் சொல் ஊரையே குறிக்கும் சொல்லாகும்போது புறம் என்பதற்கு இடமே இல்லையாகின்றது. மேலே கேட்ட வினாவிற்கு இதுவே விடை. அச்சொல் இறைவன் முன்னிலையிலும் அன்று, எட்டாத பெண் முன்னிலையிலும் அன்று. அச்சொல்லை நாள்தோறும் பிறர்மேல் எறியும் நகரத்தாராகிய நம் முன்னிலையில் சொல்லப்படுகின்றது.

தொல்காப்பிய நெறி நின்று நோக்கினும் ஓர் உண்மை புலனாகும். கடலும் கழியும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். சங்க நெய்தற் பாட்டில் இரங்குவோள் தலைவி. தாழையும் நண்டும் நாரையும் உப்பங்கழியும் அவள் இரக்கத்தைக் கேட்டு நிற்கும் கருப்பொருள்கள். நிலம் நிலைத்திருத்தலின் மனிதர் துயர் அதன்மேற் சாய்ந்து நிற்க முடிந்தது. எண்ணூர்ப் பாட்டில் கருப்பொருளே உரிப்பொருளாயிற்று. கேட்டு நின்ற கழியே கெட்டது, இரங்கத்தக்கதும் அதுவே. ஆயின் இதனைக் கையறுநிலை என்னலாமோ எனின், ஆகாது. கையறுநிலை இறந்தாரை நினைந்து பாடுவது. பாரியின் பறம்பை நினைந்து கபிலர் பாடியவை நிலத்தையும் சேர்த்து இரங்குவன ஆயினும், ஆங்கு நிலம் அழிந்திலது, கைமாறியது, அவ்வளவே. எண்ணூர்க் கழி கைமாறவும் இல்லை, முற்றும் இறக்கவும் இல்லை. இன்றும் அதனுள் இறங்கி இறால் பிடிப்பார் உளர். வாழ்வு உள்ள பொருளுக்குக் கையறுநிலை பாடுதல் அதனைக் கைவிடுதலாகும். இப்பாட்டு அழுகையில் முழுகாது, எள்ளலும் இரக்கமும் விரவ நிற்பது இதனாலேயே. தொல்காப்பியர் கூறும் அங்கதத்தின் இருவகையுள் செம்பொருள் அங்கதத்தோடு இரங்கல் இணைந்த அரிய அமைப்பு எனலாம்.

இசைக்கு வருவோம். ஆனந்தபைரவியில் தொடங்கிச் சிந்துபைரவியில் முடியும் இராகமாலிகை இது. ஆனந்தபைரவி தாலாட்டிலும் ஊஞ்சற்பாட்டிலும் பயிலும் இராகம். வீட்டிற்குரிய இராகம் என்றே கூறலாம். வசைச்சொல்லை முதன்முதல் அவ்விராகத்தில் கேட்கும்போது, சினந்து எறிந்த சொல்லைத் தாய் எடுத்துத் துடைத்து மடியில் வைத்தாற்போன்ற உணர்வு உண்டாகின்றது. வசையின் வன்மையை இவ்விராகம் முதலடியிலேயே தணித்து, சொல்லை மீண்டும் கேட்கத்தக்கதாக்குகின்றது. இதுவே மெட்டமைத்தவர் செய்த பெருஞ்செயல் என்று யாம் மதிக்கின்றோம். அடுத்துவரும் பேகடா குறித்தும் ஒன்று கூற விரும்புகின்றோம். வீணை குப்பையர் அழைப்பில் திருவொற்றியூர் வந்த தியாகராசர் அவ்வூர்த் திரிபுரசுந்தரிமேல் ஐந்து கிருதிகள் பாடினர். அவற்றுள் ஒன்று பேகடாவில் அமைந்தது. அதே கடற்கரையில் அம்மனுக்கு ஒலித்த இராகம், சிலகல் தொலைவில், சாம்பல் மூடிய கழிக்கு ஒலித்தது. இதனை மெட்டமைத்தவர் கருதிச் செய்தாரோ அன்றோ, இசைவரலாறு அறிந்த செவிக்கு இவ்வியைபு தப்பாது.

மேலும் கச்சேரிக் குழு தம் மேடையை விட்டு எண்ணூரின் பாழ்நிலத்தில் அமர்ந்து பாடும் காட்சி, படமாக்கியவரின் நுட்பத்தைக் காட்டும். இசைக்கு ஓர் அரங்கு வேண்டும். அரங்கென்பது தூய இடம் என்னும் எண்ணத்தை அக்காட்சி அசைத்தது.

பாட்டு எவ்வகையில் வெற்றி பெற்றது? ஒப்பிட்டு நோக்க அருகிலேயே ஒன்று உண்டு. 2015-இல் சோபியா அஷ்ரப் பாடிய 'கோடைக்கானல் வோண்ட்' என்னும் ராப் பாட்டு, கொடைக்கானலில் வெப்பமானி ஆலையொன்றன் பாதரச நஞ்சைப் பற்றியது. அதனைப் படமாக்கியவரும் ரதீந்திரன் பிரசாதே. அதற்கு எதிரி ஒருவர், வேண்டுகோள் ஒன்று. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் அந்நிறுவனம் உடன்படிக்கை செய்தது. தொழிலாளரின் பல்லாண்டுப் போராட்டமே அதன் முதற்காரணம் எனினும், பாட்டின் பங்கும் மறுக்கத்தக்கதன்று. எண்ணூர்ப் பாட்டிற்கு அத்தகைய அளவுகோல் இல்லை. எதிரி ஒருவர் அல்லர். மின்விளக்கை ஏற்றும் யாவரும் அதில் பங்காளர். வெளிவந்த சில நாளில் மெரினாவில் சல்லிக்கட்டுக் கிளர்ச்சி எழுந்து நாட்டின் கண்ணை எல்லாம் ஈர்த்துக்கொண்டது. சனவரி 28-ஆம் நாள் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கரையொதுங்கிய கரிய குழம்பை மக்கள் வாளியால் முகந்தனர். பாட்டு வந்து இரண்டே வாரத்தில் அதன் பொருளைக் கடல் உறுதிப்படுத்திய அவலம் அது. அவ்வாண்டு மார்ச்சில் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. அது காலமுதிர்ச்சியால் நேர்ந்தது, பாட்டால் அன்று. 2023 திசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகம் முழுதும் பரவியது. ஆற்றைப் பாட்டுக் காத்திலது என்பதை மறைத்தல் ஆகாது.

ஆயினும் சொல்லைக் காத்தது. புறம்போக்கு என்பதற்குப் பொதுநிலம் என்னும் நற்பொருள் உண்டென்பதை நகரத்துப் படித்தவர்க்கு நினைவூட்டியது இப்பாட்டே. நீர்நிலை குறித்து எழுதுவோர் இன்று அச்சொல்லை நாணாது வழங்குகின்றனர். ஒரு சொல்லின் இழிபொருட்பேற்றைப் பாட்டொன்று எதிர்த்து நிற்பது மொழிவரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று. தெருவில் அச்சொல் இன்றும் வசையே என்பதும் உண்மை. சொல் இருபொருளில் நிற்கின்றது, போர் முடியவில்லை.

குறைகளும் கூறுதல் ஆராய்ச்சியாளர் கடன். பாட்டின் இடைப்பகுதியில் காரணகாரியம் விளக்கும் உரைப்போக்கு மிகுகின்றது. ஆறு அழிந்தால் வெள்ளம் வரும் என்பது போன்ற செய்திகளை, 2015 வெள்ளத்தின் நினைவு மாறாத நாளில், கேட்போர்க்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை. அவ்விடத்தில் துண்டறிக்கையின் குரல் பாட்டின் குரலை மறைக்கின்றது. இராகம் மாறிமாறிக் காத்திராவிடின் சலிப்புத் தோன்றியிருக்கும்.

பிறிதொன்று இதனினும் பெரிது. பாடுவோனும் கேட்போனும் புறம்போக்கே என்று பாட்டு முடிகின்றது. அவ்வாறு தம்மைச் சொல்லிக்கொள்ளும் உரிமை எல்லார்க்கும் ஒப்ப உண்டோ? யார்க் பல்கலைக்கழக மாணவர். ஆயினும் தம் துயரைத் தாமே பாடினார். ஈண்டு வசையால் நாள்தோறும் அடிபடுவோர் ஒருவர், அதனைப் பாடி ஏற்போர் வேறொருவர். பாட்டு முடிந்ததும் பாடகர் அச்சொல்லைக் கழற்றி வைத்துவிடலாம். பட்டாவில்லாக் குடிசையில் இருப்போர் கழற்றுதல் இயலாது. இத்தடையைப் பாட்டு அறியாதிருக்கவில்லை என்பதற்கு, அது தன்னையே முதலில் அச்சொல்லாற் சுட்டிக்கொள்வது சான்று. ஆயினும் தடை முற்றும் நீங்கவில்லை.

வடசென்னைக்குத் தனக்கெனவே ஓர் இரங்கற்பாட்டு மரபு உண்டு. இறந்தார் வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் மரண கானா அது. பல்கலைக்கழகங்கள் அதனைத் தொகுத்து ஆராய்தல் நெடுநாட்கு முன்னரே நிகழ்ந்திருத்தல் வேண்டும். 2018 சனவரி 6-ஆம் நாள் சென்னையில் முதன்முதல் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவினர், இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முயன்று சேர்த்தோர், கானாவை ராக் கிதாரோடும் ராப்போடும் இணைத்தனர். ஆங்குப் பாடுவோரும் பாடப்படுவோரும் ஒருவரே. பொறம்போக்குப் பாடல் சபையைத் தெருவிற்கு அழைத்துச் சென்றது. ஓராண்டு கழித்து இக்குழு தெருவை அரங்கிற்கு அழைத்து வந்தது. முன்னதன் பயணம் திரும்பிவரும் வழியை உடையது. பின்னதற்கு அவ்வழி இல்லை. எண்ணூர்க் கழியைக் கழியோரத்தாரே தம் கானாவிற் பாடும் பாட்டு, இராகமாலிகைப் பாட்டோடு அருகருகே வைத்து ஆராயப்படும்போதுதான் வசையைத் தன்மேல் ஏற்றல் என்னும் உத்தியின் முழு அளவு புலப்படும். அவ்வாராய்ச்சிக்கு வேண்டும் பாட்டுகள் அச்சில் இல்லை. திருவொற்றியூருக்கும் காசிமேட்டிற்கும் சென்று கேட்டு எழுதப்படவேண்டியவை.